மாத்திரையில் கோடு கிழித்த மகானுபாவர்கள்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் இன்னதென்று சொன்னவுடன் சில தோழர்கள் சிரித்தார்கள். "பஞ்சப்படி இருக்கிறது, போனஸ் இருக்கிறது, கூலி உயர்வு இருக்கிறது. முகப்பருவைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று ஒரு தோழர் கேட்டார். கேட்டது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

நம் சங்கத் தோழர் ஒருவருடைய மகள் பஞ்சாலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை செய்கிறாள். வயது 19. அவள் கன்னம் இரண்டிலும் பரு கட்டி கட்டியாக எழும்பி, சீழ் வைத்து, தொட்டால் வலிக்கிற நிலை. கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். தலைக்குத் துணி கட்டுகிற சாக்கில் முகத்தையும் மூடிக்கொண்டு வேலைக்குப் போவாள். ஒரு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டாக்டரிடம் காட்டினாள். அவர் ஒரு மாத்திரையும் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். ஆறு ஏழு வாரத்தில் பரு அடங்க ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் கடைக்குப் போனால், "அந்த மாத்திரை இப்போது வருவதில்லை" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். வேறொன்றை எடுத்துக் காட்டினார், விலை அதிகம். திரும்ப டாக்டரிடம் போக வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளம் போகும், பீஸும் போகும். பெண் வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தாள். இரண்டே மாதத்தில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை குழியும் தழும்பும் விழுந்துவிட்டன.

தகப்பனார் அந்தப் பழைய அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். நான் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கம்பெனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே எறும்பு எழுத்தில் "டாக்சிசைக்கிளின், 100 மில்லிகிராம்" என்றிருந்தது. அந்த டாக்சிசைக்கிளின் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் இருந்தது. காசு கொடுக்காமலே கிடைத்திருக்கும். அந்த இரண்டு மாதமும் மருந்து ஊரில்தான் இருந்தது. பெயர் மட்டும்தான் மறைந்திருந்தது. அங்குள்ள டாக்டர் அவளைப் பார்த்து வைத்தியத்தைத் திரும்பத் தொடங்கினார். பரு அடங்கிவிட்டது. குழி அடங்கவில்லை. அது இனி மறையாது.

இதனால்தான் இந்தக் கூட்டம். மருந்தின் பெயரும் உருவமும் யாருக்காக மாறுகின்றன, மாறினால் யார் தலையில் விடிகிறது என்பதை ஒரு சின்னப் பருவை வைத்துப் பார்ப்போம். சின்ன விஷயத்தில் சூது தெரிந்துவிட்டால் பெரிய விஷயத்தில் ஏமாற மாட்டோம்.

பரு என்பது என்ன?

தோலில் ரோமக் காலை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் அவை அதிகமாகச் சுரக்கும். வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே தேங்கிய எண்ணெயில் கிருமி பெருகும். உடம்பு அதை எதிர்க்கும்போது சிவந்து, வீங்கி, சீழ் வைக்கும். இளவயதில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஏதாவது ஓர் அளவில் இது வராமல் போவதில்லை. பெரும்பாலோருக்குத் தானே மறையும். சிலருக்கோ ஆழமாக வேரோடித் தழும்பு விழும். அந்தச் சிலர் வெளியில் தலைகாட்டக் கூசுவதும், மனம் உடைந்து போவதும் டாக்டர்கள் நன்றாக அறிந்த விஷயம். முகம் கழுவாததால் வருகிறது, கெட்ட நடத்தையால் வருகிறது என்பதெல்லாம் வீண் பேச்சு.

நமக்கு இன்னொரு சம்பந்தமும் உண்டு. மெஷின் எண்ணெயும் கிரீஸும் நாள் முழுவதும் தோலில் படுகிற தொழிலாளிக்கு முன்கையிலும் தொடையிலும் இதே மாதிரி பரு எழும்பும். தொழிலால் வரும் தோல் வியாதிகளில் அதுவும் ஒன்று. எண்ணெயில் ஊறிய உடுப்பை மாற்றவும், கழுவிக்கொள்ளவும் வசதி செய்து தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணிலிருந்து வந்த மருந்து

அந்த டாக்சிசைக்கிளின் எங்கிருந்து வந்தது? அது டெட்ராசைக்கிளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். 1948ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் மிசௌரி சர்வகலாசாலையின் சோதனை வயலில் புல் விளைந்த மண்ணிலே ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து இதை எடுத்தவர் பெஞ்சமின் டக்கர் என்ற தாவர விஞ்ஞானி. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் வேலை செய்த லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்துக்கு யார் தலைவர் தெரியுமா? எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ல் அன்றைய சென்னை ராஜதானியில், பீமாவரத்தில் பிறந்தவர். சென்னையில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பிரசிடென்சி கல்லூரியிலும், மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். மாணவனாக இருக்கையில் கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். 1948ல், அந்த மருந்து வெளிவந்த வருஷத்திலேயே, அமெரிக்காவில் காலமானார்.

ஏழை வீட்டு அறிவும் வயல் மண்ணும் சேர்ந்து உண்டான மருந்து வம்சம் இது. டாக்சிசைக்கிளின் அதன் தம்பி. அமெரிக்காவில் 1967ல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேலான மருந்து. அதன் மூல பேடண்ட் எப்போதோ காலாவதியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், மலிவாக விற்கலாம். சாதாரண மனிதனுக்கு இது நல்ல செய்தி. லாபத்தையே கண்ணாகக் கொண்டவனுக்கு இது கெட்ட செய்தி. அவன் என்ன செய்தான் என்பதுதான் கதை.

40ஆம் நம்பர் நூலும் 42ஆம் நம்பர் நூலும்

ஆலைத் தோழர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 40ஆம் நம்பர் நூலுக்கு இன்ன ரேட் என்று சங்கம் போராடி ஒப்பந்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுமாதம் முதலாளி 42ஆம் நம்பர் ஓட்டுகிறான். "ஒப்பந்தம் 40க்குத்தானே? இது வேறு நூல்" என்கிறான். திரும்பப் போராடி 42க்கு ஒப்பந்தம் போட்டால் 44க்குத் தாவுகிறான். பஞ்சும் அதேதான், மெஷினும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். மாறியது நம்பர் ஒன்றுதான். ஒப்பந்தம் மட்டும் எப்போதும் நேற்றைய நம்பரிலேயே நிற்கிறது.

அமெரிக்காவில் டாரிக்ஸ் என்ற பரு மருந்தின் கதையும் இதுதான். அதற்குள் இருப்பது நமது பழைய டாக்சிசைக்கிளின். வயிற்றைத் தாண்டிப் போய்க் கரையும்படி மேலே ஒரு பூச்சு, அவ்வளவுதான் விசேஷம். செய்தது மெய்ன் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி. அமெரிக்காவில் விற்றது வார்னர் சில்காட் என்ற கம்பெனி.

அந்த நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. டாக்டர் கம்பெனிப் பெயரை எழுதிக் கொடுத்தாலும், அதே மருந்தை மலிவாகச் செய்யும் வேறு கம்பெனியின் சரக்கை மருந்துக் கடைக்காரரே மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: மருந்தும், அளவும், உருவமும் ஒன்றாக இருக்கவேண்டும். கூண்டு மருந்துக்குப் பதில் கூண்டு மருந்து. மாத்திரைக்குப் பதில் மாத்திரை. 100க்குப் பதில் 100. இந்த நிபந்தனை நோயாளியின் பாதுகாப்புக்காக வைத்தது. அதில்தான் முதலாளி தன் புகலிடத்தைக் கண்டுபிடித்தான்.

டாரிக்ஸ் முதலில் கூண்டு மருந்தாக இருந்தது. 2005ல் அதை மாத்திரையாக்கினார்கள். 2008ல் 150 மில்லிகிராம் என்று புது அளவு கொண்டுவந்தார்கள். அடுத்து, 75, 100 மில்லிகிராம் மாத்திரைகளின் மேல் உடைப்பதற்கு வசதியாக ஒரு கோடு கிழித்தார்கள். 2011ல் 150 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு கிழித்தார்கள். ஆமாம் தோழர்களே, கோடுதான்! ஒரு கோடு போட்ட மாத்திரையைப் பார்த்து இன்னொருவன் மலிவுச் சரக்குச் செய்துகொண்டு வந்தால், அதற்குள் டாரிக்ஸ் இரண்டு கோட்டு மாத்திரையாகிவிட்டிருக்கும். வந்தவன் சரக்கு "வேறு சரக்கு" ஆகிவிடும்.

புதியதைக் கொண்டுவந்ததோடு நின்றார்களா? பழையதை இல்லாமலும் ஆக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. கூண்டு மருந்தைக் கடைகளுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். மிச்சச் சரக்கைத் திரும்ப வாங்கினார்கள், அழித்தார்கள். கூண்டுக்குப் பதில் இனி மாத்திரைதான் என்று வியாபாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள் என்று வழக்கில் சொல்லப்பட்டது. விளைந்த நெல்லைக் களத்திலேயே கொளுத்திவிட்டுப் பஞ்ச விலை கூறுகிற மிராசுதாரைக் கிராமத்துத் தோழர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

கம்பெனி சொன்ன சமாதானத்தையும் சொல்லிவிடுகிறேன். கூண்டு மருந்து தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்குகிறது. மாத்திரை அதைவிடப் பத்திரம் என்றார்கள். டாக்சிசைக்கிளின் அப்படிப் புண்ணாக்கும் என்பது உண்மையே. ஆனால் அளவு மாற்றத்துக்கும், ஒரு கோட்டை இரண்டு கோடாக்கியதற்கும் தொண்டைப் புண் எப்படிச் சமாதானமாகும்?

திருடனும் திருடனும் கோர்ட்டில்

2012ல் மைலான் என்ற மலிவு மருந்துக் கம்பெனி பென்சில்வேனியாவில் வழக்குப் போட்டது. வியாபாரப் போட்டியைக் கவனிக்கும் அமெரிக்க சர்க்கார் கமிஷனே கோர்ட்டுக்கு மனு எழுதியது: இப்படி உருவத்தை மாற்றி மாற்றி மலிவு மருந்தைத் தடுப்பது சட்டவிரோதமாக இருக்கக்கூடும் என்று எடுத்துச் சொன்னது. கடைசியில் என்ன ஆயிற்று? 2015ல் கீழ்க் கோர்ட்டும், 2016 செப்டம்பர் 28ல் மேல் கோர்ட்டும் மைலானுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லின. பருவுக்கு இதே குடும்பத்து மருந்துகள் இன்னும் பல இருக்கின்றன. ஆகவே டாரிக்ஸ் ஏகபோகம் ஆகாது. மைலானும் தன் சரக்கை விற்று நல்ல லாபம் பார்த்தது என்பது தீர்ப்பின் சாரம்.

மைலானை உத்தமன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வாமையால் மூச்சு முட்டும்போது உயிர் காக்கும் எபிபென் என்ற ஊசியை விற்றது அதே மைலான்தான். 2007ல் ஏறத்தாழ 100 டாலராக இருந்த இரண்டு ஊசிப் பெட்டியின் விலையை 2016க்குள் 600 டாலராக்கியது. அந்த வருஷம் அமெரிக்கப் பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆகவே கோர்ட்டில் நின்றது திருடனும் திருடனும். சண்டை லாபத்தின் பங்கைப் பற்றியது. மருந்து கிடைக்காமல் கடை வாசலில் நின்ற பிள்ளையின் முகம் அந்த வழக்கின் கேள்வியாகவே இல்லை.

ஆனால் ஜனங்கள் பக்கம் நின்று யாராவது பிடித்து நிறுத்தினால் இந்தச் சூது நிற்காதா? நிற்கும். அதே சமயத்தில் இன்னொரு மருந்தில் நின்றது. நாமெண்டா என்பது முதுமையில் நினைவு மங்கும் நோய்க்கான மாத்திரை. தினம் இரண்டு வேளை மாத்திரையின் பேடண்ட் 2015ல் முடிய இருந்தது. ஆக்டாவிஸ் கம்பெனி 2014லேயே அதை நிறுத்தப் போவதாக அறிவித்து, கிழவர்கள் எல்லோரையும் ஒருவேளை மருந்துக்குத் தள்ளப் பார்த்தது. நியூயார்க் மாகாண அரசாங்கத்தின் அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். பழைய மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று 2014 டிசம்பரில் தடை உத்தரவு கிடைத்தது. 2015 மே மாதம் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. முதலாளியை எதிர்த்து முதலாளி போனபோது தோற்ற வழக்கு, மக்கள் பெயரால் ஓர் அரசாங்கம் போனபோது ஜெயித்தது. வழக்குகளின் விவரம் வேறு வேறுதான். இருந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் கணக்கு

கம்பெனியின் கணக்கைப் பார்த்தோம். நோயாளியின் கணக்கு என்ன?

பரு வைத்தியம் ஓரிரு நாளில் முடிகிற காரியமல்ல. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்று நான்கு மாதம் விடாமல் தொடரவேண்டும். நடுவில் மருந்து நின்றால் போட்ட பணமும் பட்ட பாடும் வீண். திரும்ப முதலிலிருந்து ஆரம்பம். புது மருந்துக்குப் புதுச் சீட்டு. அதற்கு டாக்டர் பீஸ், பஸ் சத்தம், ஒரு நாள் கூலி. இத்தனையும் சேர்ந்தால், மருந்து விலையைவிட மருந்தைத் தேடுகிற விலை அதிகமாகிவிடும்.

அளவு மாறுவதில் உள்ள ஆபத்து இன்னொன்று. நிலச்சுவான்தார் வாங்க ஒரு மரக்கால், அளக்க ஒரு மரக்கால் வைத்திருப்பதை விவசாயத் தோழர்கள் அறிவீர்கள். மருந்திலும் மரக்கால் மாறுகிறது. கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்தைப் பாருங்கள். ரோச் கம்பெனி அதை 1982ல் அக்யூட்டேன் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. மலிவுச் சரக்குகள் வந்து வியாபாரம் சரிந்தது. பக்க விளைவுகளுக்காக நஷ்டஈட்டு வழக்குகள் குவிந்தன. 2009ல் அக்யூட்டேன் விற்பனையை அங்கே நிறுத்திவிட்டது. பெயர் போயிற்று; மருந்து வேறு பெயர்களில் தொடர்ந்தது.

2012ல் அதே மருந்து அப்சோரிகா என்ற புது உருவத்தில் வந்தது. பழைய சரக்கைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் உடம்பில் சரியாகச் சேரும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் பாதிகூடச் சேராது. புதியதில் அந்தக் குறை குறைவு. இது உண்மையான முன்னேற்றம், ஒப்புக்கொள்ள வேண்டும். 2019ல் இன்னொரு உருவத்துக்கு அனுமதி கிடைத்தது. அதில் 32 மில்லிகிராம், முந்தியதில் 40 மில்லிகிராமுக்குச் சமம். ஒன்றுக்குப் பதில் ஒன்றை எண் பார்த்து மாற்றிச் சாப்பிட முடியாது. இவற்றை அமெரிக்காவில் விற்றவர்கள் யார்? முதலில் ரான்பாக்ஸி, பிறகு அதை வாங்கிய சன் பார்மா. நம் நாட்டு முதலாளிகள்தான்! வித்தை எந்தத் தேசத்தானுக்கும் பொது.

இந்த ஐசோட்ரெட்டினாயினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தை பெரும் ஊனத்தோடு பிறக்கக்கூடும். தோல் டாக்டரின் நேர்ப் பார்வையில் அல்லாமல் யாரும் இதைத் தொடக்கூடாது. தோழி கொடுத்தாள், கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கிச் சாப்பிடுவது பேராபத்து.

நிறுத்தவேண்டிய மருந்தும் உண்டு

மருந்து நிற்பதெல்லாம் சூது என்று நான் சொல்லவில்லை. நிறுத்தித் தீரவேண்டியவையும் உண்டு. பரு போகும், முகம் வெளுக்கும் என்று சொல்லிக் கடைகளில் விற்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் வாரம் முகம் பளபளக்கும். மாதக் கணக்கில் போட்டால் தோல் மெலியும், சிவக்கும், ரோமம் முளைக்கும், பருவே அதிகமாகும். திடீரென்று நிறுத்தினால் முகம் கொதித்து எழும்பும். அதற்குப் பயந்து பெண்கள் திரும்ப அதையே தடவுவார்கள். கம்பெனிக்கு இதைவிட நல்ல வாடிக்கைக்காரர் கிடைப்பாரா?

இந்திய சர்க்கார் 2016 மார்ச்சில் அர்த்தமற்ற கூட்டு மருந்துகள் 344ஐத் தடை செய்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அந்த வருஷ டிசம்பரில் தடை ரத்தாயிற்று. சுப்ரீம் கோர்ட்டு நிபுணர் பரிசீலனைக்கு அனுப்பிய பிறகு, 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் திரும்பத் தடை செய்யப்பட்டன. அதே 2018ல் ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. களிம்பு கடையில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண் யாராவது இதைத் தடவிக்கொண்டிருந்தால், சர்க்கார் ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். படிப்படியாக நிறுத்த வழி சொல்வார்.

உயிருக்கு இல்லை, மீசைக்கு உண்டு

முகத்துக்கும் உயிருக்கும் முதலாளி போடும் விலை என்ன என்று காட்டும் ஒரு கதையைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை.

ஆப்பிரிக்காவில் தூக்க நோய் என்று ஒன்று இருக்கிறது. ட்செட்ஸி என்ற ஈ கடித்து வருவது. வைத்தியம் செய்யாவிட்டால் மூளையைத் தாக்கிக் கொல்லும். பழைய மருந்து பாஷாண கலப்புள்ளது. அந்த மருந்தே நூற்றில் ஐந்து பேர் வரை கொன்றுவிடும். எஃப்ளார்னிதின் என்ற மருந்து வந்தபோது, சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1990ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் நோயாளிகள் யார்? காங்கோவிலும் சூடானிலும் குடிசையில் வாழும் விவசாயிகள். அவர்களிடம் லாபம் எங்கே வரும்? 1990களின் நடுவில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

2000ல் அதே மருந்து திரும்ப வந்தது. எதற்கு? பணக்கார நாட்டுப் பெண்களின் முகத்தில் வேண்டாத ரோமம் வளர்வதைக் குறைக்கும் வானிகா என்ற களிம்பாக வந்தது! அந்தப் பெண்களைக் குறை சொல்லவில்லை. முகத்தைப் பற்றிய வேதனை உண்மையான வேதனை என்று முதலிலேயே சொன்னேன். எல்லையற்ற டாக்டர்கள் என்ற ஸ்தாபனமும் பிறரும் இந்த அக்கிரமத்தை உலகறியச் செய்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தோடு 2001ல் அவென்டிஸ் கம்பெனி ஒப்பந்தம் செய்து, தூக்க நோய்க்கு மருந்து கொடுக்கச் சம்மதித்தது. கேட்டார்கள், அதனால் கிடைத்தது. கேட்காதிருந்த வருஷங்களில் செத்தவர்கள் செத்தவர்களே.

நம் நாட்டில் நம் வேலை

நம் நாட்டில் 1970ல் நிறைவேறிய பேடண்ட் சட்டம் மருந்தின்மேல் ஏகபோகம் கொடுக்க மறுத்தது. செய்முறைக்கு மட்டுமே பேடண்ட் கொடுத்தது. அதனால்தான் இந்திய மருந்து உலகத்திலேயே மலிவாயிற்று. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005ல் அது மாற்றப்பட்டது. அப்போது நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் விடாப்பிடியாக நின்றதால் சில பாதுகாப்புகள் நுழைந்தன. அதில் ஒன்று 3(டி) பிரிவு: தெரிந்த மருந்தின் புது உருவத்துக்கு, பலன் கூடியிருந்தால் ஒழியப் பேடண்ட் கிடையாது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் புது உருவத்துக்குச் சென்னைப் பேடண்ட் ஆபீஸ் 2006ல் பேடண்ட் மறுத்தது. நோவார்டிஸ் சென்னை ஹைகோர்ட்டில் அந்தப் பிரிவையே எதிர்த்து 2007ல் தோற்றது. 2013 ஏப்ரல் 1ல் சுப்ரீம் கோர்ட்டிலும் பேடண்ட் கிடைக்காமல் தோற்றது. இந்தப் பிரிவைக் காப்பது ஏதோ வக்கீல்கள் விவகாரம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஆனாலும் ஓட்டைகள் இருக்கின்றன. இங்கே டாக்டர் எழுதிய கம்பெனிப் பெயரை மருந்துக் கடைக்காரர் தாமாக மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. கம்பெனிப் பெயர் மறைந்தால் நோயாளி நடுத்தெருவில் நிற்கவேண்டியதுதான். மருந்தின் சொந்தப் பெயரையே டாக்டர்கள் எழுதவேண்டும் என்று தேசிய மருத்துவ கமிஷன் 2023 ஆகஸ்டில் கண்டிப்பான விதி போட்டது. அதே மாதம் அதை நிறுத்தியும் வைத்துவிட்டது.

2013ஆம் வருஷ மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவில் நமக்குப் பயன்படும் ஒரு ஷரத்து இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தை ஒரு கம்பெனி நிறுத்த விரும்பினால், ஆறு மாதம் முன்பே பகிரங்க அறிவிப்புக் கொடுக்கவேண்டும், சர்க்காருக்கும் தெரிவிக்கவேண்டும். பொதுநலன் கருதி ஒரு வருஷம் வரை தொடர்ந்து உற்பத்தி செய்யும்படி சர்க்கார் உத்தரவிடலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆலையை மூட நோட்டீஸ் வேண்டும் என்று போராடிப் பெற்ற நமக்கு, மருந்தை மூடவும் நோட்டீஸ் உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, தோழர்களே, வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: மாத்திரை அட்டையை எறியாதீர்கள். கொட்டை எழுத்தை விட்டு எறும்பு எழுத்தைப் படியுங்கள். மருந்தின் சொந்தப் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படிக்கத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு: கடையில் "வருவதில்லை" என்றால் வைத்தியத்தை விட்டுவிடாதீர்கள், தாமாக வேறொன்றை வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம். அந்தத் தாளோடு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 1994ல் ஏற்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் சொந்தப் பெயரிலேயே மருந்து வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. அங்கே மருந்து இல்லையென்றால், தனியாக நின்று முணுமுணுக்காமல் சங்கத்துக்குச் சொல்லுங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.

மூன்று: டாக்சிசைக்கிளின் சாப்பிடுகிறவர்கள் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருங்கள். பாலோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்காதீர்கள். அது வெயிலில் தோலைச் சுடவைக்கும். நடவிலும் களையெடுப்பிலும் நிற்கும் பெண்கள் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஆகாது.

நான்கு: சொந்தப் பெயரில் மருந்து எழுதும் விதியை அமலுக்குக் கொண்டுவரவும், நிறுத்தப் போகும் மருந்தின் அறிவிப்பைத் தமிழில் ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் ஒட்டவும், பொதுத்துறையில் அத்தியாவசிய மருந்துகள் செய்யவும் சர்க்காரை வற்புறுத்தித் தீர்மானம் போடுவோம்.

கூட்டத்தின் தொடக்கத்தில் சிரித்த தோழர் இப்போது சட்டைப் பையிலிருந்து தம் ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே உள்ள எழுத்து மிகவும் பொடி. பக்கத்தில் இருக்கும் தோழர் கண்ணாடி போட்டிருக்கிறார். அவர் படித்துச் சொல்லட்டும். மற்றவர்களும் வீட்டுக்குப் போனவுடன் அதைச் செய்யுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள்.